மாலை கழுத்தில் இருக்கும்வரை

2024 நவம்பர் 5, செவ்வாய்

கடையில் கார்த்திகைச் சரக்கு இறங்கிவிட்டது. துளசி மாலை, கறுப்பு வேட்டி, நீல வேட்டி, இருமுடிப் பை, ஐயப்பன் டாலர். காலையிலிருந்து பிரித்து அடுக்கி இடுப்பு விட்டுப்போயிற்று. கிங்ஸ் சர்க்கிளில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிற எங்கள் முதலாளி வேங்கடசுப்ரமணியன் மாமாவுக்கு இந்த இரண்டு மாதம்தான் தீபாவளி. எனக்கும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் இசக்கிதுரை வருஷத்தில் குடிக்காமல் இருப்பது மாலை போட்டிருக்கிற அந்த ஒரு மண்டலம் மட்டும்.

நிஜத் தீபாவளி நாறிப்போனதை அன்றைக்கு நான் இங்கே எழுதவில்லை. எழுதவே கை கூசியது. குடித்துவிட்டு வந்து, சார்ஜ் இல்லாத போனை 'பேச மாட்டேங்கு' என்று சுவரில் அடித்தான். சில்லுச் சில்லாகப் போயிற்று. பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் படித்துக்கொண்டிருந்த மகள் மாரிசெல்வி எழுந்து வந்து துண்டுகளைப் பொறுக்கினாள். இப்போது வீட்டுக்கு என் போன் ஒன்றுதான். அவரைத் தேடுகிறவர்களும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

"இந்தத் தடவ மலைக்குப் போயிட்டு வந்து பாரு. தொடவே மாட்டேன்" என்கிறார். போன வருஷமும் இதே வசனம்தான். மாலையைக் கழற்றி சாமி படத்தில் மாட்டிய அன்று சாயங்காலமே குவார்ட்டர்.

நவம்பர் 16, சனி

தாராவியில் பிள்ளையார் கோயிலில் வைத்து, குருசாமி வேல்ராஜ் கையால் மாலை போட்டாயிற்று. குளித்து, கறுப்பு வேட்டி கட்டி, நெற்றி நிறையச் சந்தனத்தோடு நின்றபோது ஆளே வேறாக இருந்தார். "பப்பா, ஏக்தம் ஹீரோ!" என்றாள் மாரிசெல்வி. வெட்கப்பட்டுச் சிரித்தார்.

வீட்டை விட்டு இறங்கும் முன்பே சொல்லிவிட்டேன். கோயிலில் வைத்துச் சொன்னால் சாபம் விட்ட மாதிரி ஆகிவிடும். "இந்த மாலையக் கழத்தின பெறகு ஒரு சொட்டு உள்ள போச்சுன்னாலும் நானும் பிள்ளையும் நெருளுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருவோம். கோகிலவாணி அக்காகிட்டச் சொல்லி வச்சாச்சு. பெறகு ஏங்கூடப் பஞ்சாயத்துப் பேச ஆள் கூட்டிட்டு வரக்கூடாது."

"சரிளா" என்றார். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இனி அவர் சாமி. நான் அப்படித்தான் கூப்பிட வேண்டும். அவர் என்னை அம்மா என்பார். "அம்மா, கொஞ்சம் தண்ணி தாங்க." இருபது வருஷமாக ஏட்டி, மூதி என்று கேட்டுப் பழகிய காது. கூச்சமாக இருக்கிறது.

நவம்பர் 20, புதன்

ஓட்டுப் போட்டேன். தேர்தலுக்காகச் சாராயக் கடைகளெல்லாம் மூடல். தெருவில் ஆம்பிளைகள் எல்லோருக்கும் எழவு விழுந்த முகம். என் வீட்டில் சாமியே சரணம்.

நவம்பர் 28, வியாழன்

முதல் வாரம் வேர்த்து வேர்த்து நடுங்கினார். சுக்குத் தண்ணியையும் சரணத்தையும் வைத்து ஓட்டிவிட்டார். இப்போது கை நின்றுவிட்டது. தோல் பட்டறையில் பைக்குத் தோல் வெட்டுகிற வேலை. கை நின்றால்தான் சோறு. பட்டறை முதலாளி கரீம் பாட்சா பாய், "துரை, வருசம் பூராவும் சாமியாவே இருந்துடேன்யா" என்றாராம். அதை வந்து என்னிடம் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விளக்கு வைக்கும் முன்பே வீடு வந்துவிடுகிறார். தன் துணியைத் தானே துவைக்கிறார். மாரிசெல்வி அக்கவுண்ட்ஸ் படித்துக் காட்டினால் ஒன்றும் புரியாமலே எதிரில் உட்கார்ந்து தலையாட்டுகிறார். அந்தப் பிள்ளைக்கு அது போதும்.

சொல்லிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். இந்த மனிதர் மேல் எனக்கு ஆசையாக இருக்கிறது. பக்கத்தில் போய் உட்கார வேண்டும், தோளில் சாய வேண்டும் போல இருக்கிறது. ஆனால் கூடாது. வாசல் ஓரமாகத் தனிப் பாயில் படுக்கிறார். குடிக்காத புருஷனைத் தொடக் கூடாது. தொட வருகிற புருஷன் குடித்திருப்பான். நல்ல நியாயம் ஐயப்பா உன் நியாயம்!

இன்று கடைக்கு மாட்டுங்கா சுப்புலக்ஷ்மி மாமி வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் ஜகந்நாதன் பாங்க்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். "மாலை நன்னா கெட்டியா கோத்ததா குடுடிம்மா. அறுந்துடப்படாது. அறுந்தா அதையே சாக்கு வச்சுண்டு அன்னிக்கே ஆரம்பிச்சுடுவார்" என்றாள், குரலைத் தாழ்த்தி. நல்ல நூலாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். இந்த ஒரு விஷயத்தில் அவளும் நானும் ஒரே ஜாதி.

டிசம்பர் 8, ஞாயிறு

இசக்கிப்பாண்டி அத்தான் செத்துப்போனார்.

இவருக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. சின்ன வயசில் இவரைத் தாராவிக்குக் கூட்டிவந்து, பட்டறையில் சேர்த்து, தொழிலையும் குடியையும் ஒன்றாகவே பழக்கிவிட்டவர். ஈரல் கெட்டு ஊருக்குப் போனார். இன்று முடிந்துவிட்டது.

கடையில் நல்ல கூட்டம். அத்தான் சம்சாரம் போன் பண்ணினாள். "ஏ தாயி, தம்பிகிட்டச் சொல்லு. எனக்கு ரெண்டும் பொட்டப் பிள்ளையளாப் போச்சே. தம்பி வந்து கொள்ளி வைக்கட்டும். பிளைட்டப் பிடிச்சாவது வரச் சொல்லு. நாளைக்கு வரைக்கும் போட்டிருக்கோம்."

"சொல்லுதேன்க்கா" என்றேன்.

சொன்னால் என்ன ஆகும்? பங்காளி சாவு, தீட்டு. இன்றே மாலையைக் கழற்ற வேண்டும். ஒரு வருஷத்துக்கு மலையும் கிடையாது, மாலையும் கிடையாது. அண்ணன் போன துக்கம், வெறும் கழுத்து, ஊரில் பங்காளிகள் கூட்டம். எங்கே போய் நிற்பார் என்று எனக்குத் தெரியாதா? ஜனவரியில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பிரிலிம், பிப்ரவரியில் போர்டு எக்ஸாம். மலைக்குப் போய் வந்தும் குடிக்கத்தான் போகிறார் என்றாலும், அதற்குள் இன்னும் கொஞ்ச நாளாவது—

திரும்பக் கூப்பிட்டேன். "யக்கா, அவிய நேத்தே மலைக்குக் கெளம்பிட்டாவ. எப்படிச் சொல்லன்னு தெரியல."

அந்தப் பக்கம் அழுகை மட்டும் கேட்டது. பிறகு, "சாமி காரியமாப் போனவன என்ன சொல்ல முடியும். நீ அழாத தாயி" என்றாள். செத்தது அவள் புருஷன். எனக்கு ஆறுதல் சொல்கிறாள். நான் என்ன ஜென்மம்?

சாயங்காலம் எங்கள் ஊர்க்காரி பானுமதி சந்து முனையில் என்னை மறித்தாள். அவளுக்கும் அவள் புருஷனுக்கும் சேதி வந்துவிட்டது. நான் செய்ததைச் சொன்னதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஏளா, சாமி குத்தமாயிரும்ளா. தீட்டோட படி ஏறலாமா?" கையெடுத்துக் கும்பிட்டேன். "நான் வாயத் தொறக்க மாட்டேன். எம்மாப்பிள்ள வாய்க்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டிசம்பர் 9, திங்கள்

தீட்டு அவருக்கு மட்டுமா? எனக்கும்தான். விளக்கேற்றக் கூடாது, சாமிக்குச் சமைக்கக் கூடாது. 'அந்த மூன்று நாள்' என்று சொல்லிவிட்டேன். மாலை போட்ட வீட்டில் அப்போது பெண்பிள்ளை தங்கக் கூடாது என்பதால் பானுமதி வீட்டில் வந்து படுத்திருக்கிறேன். பொய்க்குக் காவலாக இன்னொரு பொய். சாமி தானே பொங்கி, பிள்ளைக்கும் டப்பா கட்டிக் கொடுக்கிறார்.

ஊரில் இன்று எரித்துவிட்டார்கள். பங்காளி வழியில் ஒரு சின்னப் பையனை வைத்துக் கொள்ளி வைத்தார்களாம். நான் கிங்ஸ் சர்க்கிளில் உட்கார்ந்து சாமிமார்களுக்கு நெய் நிறுத்துக் கொடுத்தேன். இந்தக் கையால்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். வீடு திரும்பிவிட்டேன், ஆனாலும் விளக்கின் பக்கம் போகவில்லை. மாரிசெல்வியை ஏற்றச் சொல்லலாம் என்றால் அவளுக்கும் அதே தீட்டுத்தானே என்று திகைத்து நின்றேன். அவளும் நின்றாள். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"மம்மி, பெரியப்பா ஆஃப் ஆயிட்டாங்கல்ல? உன் வாட்ஸ்அப்ல போட்டோ பார்த்தேன். நீ டெலீட் பண்றதுக்கு முன்னாடி."

கத்துவாள், சண்டை போடுவாள் என்று நினைத்தேன். தீப்பெட்டியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"பப்பாகிட்ட மத் போல்னா, சொல்லாத. ப்ளீஸ். எக்ஸாம் முடியற வரைக்கும் இப்படியே இருக்கட்டுமே."

என் பாவத்தில் பிள்ளைக்கும் பங்கு வைத்துவிட்டேன். பெற்ற தாய் செய்கிற காரியமா இது? சாமி பட்டறையிலிருந்து வந்து, "என்னம்மா, இன்னும் விளக்கேத்தலயா?" என்று தானே ஏற்றினார். மூன்று குச்சி கிழித்த பிறகுதான் திரி பிடித்தது. கவனித்தேன். காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 18, புதன்

இன்று இருமுடி கட்டு. சாயங்காலம் குர்லாவில் ரயில்.

வேல்ராஜ் குருசாமி வீட்டு முன்னால் பந்தல் போட்டு, வரிசையாகச் சாமிகள். நெய்த்தேங்காய் நிறைத்து அடைத்தார்கள். சரணம் காதைப் பிளந்தது. ஒவ்வொரு சாமியின் வீட்டாரும் போய் இருமுடியில் மூன்று கை அரிசி போட வேண்டும். எங்கள் முறை வந்தது. சாமி பையை விரித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார். "வீட்டம்மா வாங்க, அரிசி போடுங்க" என்றார் குருசாமி.

கை நிறைய அரிசி எடுத்தேன். பைக்கு மேலே கொண்டுபோனேன். விரல் திறக்கவில்லை. பொய் சொன்ன வாய், நெய் நிறுத்த கை, எல்லாம் இதுவரை ஒழுங்காகத்தான் வேலை செய்தன. அந்த அரிசியை மட்டும் என்னால் போட முடியவில்லை.

சாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பேராச்சி, போடாத" என்றார். மாலை போட்ட நாளிலிருந்து முதல் முறையாக என் பெயர்.

பையை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். "குருசாமி, எம்மாலையக் கழத்திருங்க. எங்க அண்ணன் தவறிட்டாவ. எனக்குத் தெரிஞ்சு ஒரு வாரமாச்சு. மறைச்சிட்டேன்."

எனக்கு என்றுதான் சொன்னார். எங்களுக்கு என்று சொல்லவில்லை. பந்தலில் சரணம் நின்றுபோயிற்று. வேல்ராஜ் ஒன்றும் திட்டவில்லை. "ஐயப்பா, பொறுத்துக்க" என்று சொல்லி மாலையைக் கழற்றினார். மற்ற சாமிகள் ஒதுங்கி வழி விட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் நடந்து வந்தோம்.

வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதார். போன வாரம் பானுமதி வீட்டுக்காரர் டீக்கடையில் வைத்துத் துக்கம் கேட்டாராம். "அப்பவே கழத்திருக்கணும். கை வரல பேராச்சி. இது இல்லன்னா அன்னைக்கே போய்க் குடிச்சிருவேன்னு எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும். அதனாலதான நீ சொல்லல?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னார்.

"எங்க அண்ணனுக்குக் கொள்ளி வைக்கல. அவன் செத்த தீட்டோட தெனமும் சரணம் சொல்லிருக்கேன். அந்தப் பாவத்துல ஒன்னயும் அரிசி போட வச்சுச் சேக்கணுமா? பாவம் என்னோட நிக்கட்டும்."

பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். நானும் அழுதேன். மாரிசெல்வி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள்.

டிசம்பர் 20, வெள்ளி

கருமாதிக்கு ஊருக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "ஒரு நாள் முழுசா இருந்துட்டேன் பாரு, வெறுங்கழுத்தோட" என்றார் சின்னப் பிள்ளை மாதிரி. கருமாதி முடிந்ததும் எங்கள் பக்கம் பங்காளிகளுக்குக் கறியும் சாராயமும் உண்டு. அது அவருக்கும் தெரியும்.

டிசம்பர் 24, செவ்வாய்

கடைக்குப் போன் வந்தது. யார் போனிலிருந்தோ கூப்பிட்டார்.

"பேராச்சி. நேத்து குடிச்சிட்டேன்."

நான் கேட்கவே இல்லை. நலமா என்றுகூட இன்னும் கேட்கவில்லை. இருபது வருஷமாக வாயை ஊதச் சொல்லி, சட்டையை மோந்து, பாட்டிலைத் தேடிக் கண்டுபிடித்தவள் நான். இல்லவே இல்லை என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் அவன். இன்று தானாகச் சொல்கிறார்.

"அண்ணன் படத்துக்கு முன்னால மொட்டை அடிச்சுட்டு உக்காந்திருந்தேன். கைல குடுத்தானுவ. வாங்கிட்டேன். ஒங்கிட்டப் பொய் சொல்லக் கூடாதுன்னு கூப்புட்டேன். நீ சொன்ன மாதிரி நெருளுக்குப் போயிரு. நான் வந்து நிக்க மாட்டேன்."

கையிலிருந்த கற்பூரப் பெட்டி கீழே விழுந்து சிதறியது. வேங்கடசுப்ரமணியன் மாமா எட்டிப் பார்த்தார். "போட்டும், அப்புறம் பொறுக்கிக்கலாம். நீ ஆத்துக்குப் போ" என்றார்.

டிசம்பர் 25, புதன்

நெருள். அக்கா வீடு. மாரிசெல்வி புத்தக மூட்டையோடு ஒரு மூலையைப் பிடித்துவிட்டாள். சொன்னதைச் செய்துவிட்டேன். கெட்டிக்காரிதான். பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

2025 ஜனவரி 12, ஞாயிறு

தினமும் நெருளிலிருந்து ரயிலில் வடாலா, வடாலாவில் மாறி கிங்ஸ் சர்க்கிள். கூட்டத்தில் எலும்பு நொறுங்குகிறது. அத்தான் சம்சாரத்தைக் கூப்பிட்டேன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான். நான் ஆரம்பிக்கும் முன்பே அவள், "தம்பி எல்லாஞ் சொன்னான் தாயி. மலைக்குப் போயிட்டேன்னு அவன்தான் ஒன்னயச் சொல்லச் சொன்னானாமே. அவனத்தான் வஞ்சேன்" என்றாள்.

"இல்லக்கா. நானாத்தான் சொன்னேன். அவியளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். போனை வைத்துவிட்டாள். என்றைக்காவது பேசுவாளா, தெரியாது. பேசாவிட்டாலும் அது நியாயம்தான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நெருள் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். வீட்டுக்கு வரவில்லை, சொன்ன வாக்காம். கரீம் பாட்சா பாயும் ஒரு காலத்தில் பெரிய குடிகாரராம், நம்பவே முடியவில்லை. குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டம் ஒன்று சயனில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடக்கிறது. பாய் அங்கே கூட்டிப்போகிறார்.

"அங்க என்ன பண்ணுவாங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. எந்திரிச்சு நின்னு, நான் குடிகாரன்னு சொல்லணும். பெறகு டீ."

"அதைச் சொல்லதுக்கு சயன் வரைக்கும் போணுமா? நான் வீட்லயே சொல்லிருப்பேனே" என்றேன். சிரித்தார். பிறகு, பொங்கலுக்கு மறுநாள் ஒரு தடவை குடித்துவிட்டதைச் சொன்னார். அதையும் நான் கேட்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மாரிசெல்விக்குப் பரீட்சை முடிந்தது. "மம்மி, கர் சலேன்?" என்றாள். வீட்டுக்குப் போகலாமா என்று அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. அக்கா, "போனா நீயாப் போ. திரும்பி வந்தாலும் கதவு தெறந்துதான் இருக்கும்" என்றாள். எனக்குப் பயம். இந்தத் தடவை கழுத்தில் ஒன்றும் கிடையாது, படி ஏறப் போகிற மலையும் கிடையாது. எதை நம்பிப் போவது? அவர் குடிப்பதில்லை என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. குடித்தால் சொல்கிறார். அதை நம்பித்தான் போகிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

தாராவி. எனக்கு முன்பே வந்து சந்து முனையில் நின்று மூட்டையை வாங்கிக்கொண்டார். வீடு பெருக்கியிருந்தது. அடுப்படி மட்டும் கண்றாவி.

மே 6, செவ்வாய்

சயன், சயன், சயன். வாரம் மூன்று நாள் கூட்டம். முன்பு ஒயின் ஷாப்புக்குப் பறிகொடுத்தேன், இப்போது சயனுக்கு. இன்று கோபமாகச் சொல்லியே விட்டேன். "அப்ப நீயும் வா. வீட்டுக்காரிமாருக்கும் தனியாக் கூட்டம் இருக்கு" என்றார். எதற்கு? குடிகாரி என்று சொல்லவா? போகவில்லை. போகலாமோ?

ஜூன் 22, ஞாயிறு

மழை விடவே இல்லை. மீன் கிடையாது, கருவாட்டுக் குழம்பு வைத்தேன். உப்பு கூடிவிட்டது. ஒரு வாய் வைத்ததும் தட்டைத் தள்ளிவிட்டு, "மனுசன் திங்கதா இது? கடல்லேருந்து அப்படியே மோந்து ஊத்துனியா?" என்று கத்தினார்.

பழக்க தோஷம், என் உடம்பு தானாகப் பின்னால் போயிற்று. மாரிசெல்வி டிவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். குனிந்து தட்டை எடுக்கிற சாக்கில் அவர் வாயை மோந்து பார்த்தேன். கருவாட்டு வாசம்தான். வேறு ஒன்றும் இல்லை.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. "உப்புக் கூடுனா ரெண்டு உருண்டை சோத்தக் கூடப் பெசஞ்சு திங்கத் தெரியாதா? காலையிலேருந்து நின்னு பொங்குனவளுக்கு இதுதான் பேச்சா? நாளையிலேருந்து நீங்களே பொங்குங்க!" என்று சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி நானும் கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்த, நான் விடாமல் கத்த, பானுமதி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மாலை போட்ட சாமி என்னிடம் கோபப்பட்டதே இல்லை. குடித்தவனிடம் நான் கத்தியதே இல்லை. விடிந்தால் அவனுக்கு ஒன்றும் நினைவிருக்காது, யாரிடம் போய்க் கத்துவது?

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மழையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நானும் பேசப் போவதில்லை. நாளைக் காலையில் எழுந்ததும் இந்தச் சண்டை அவருக்கு ஞாபகம் இருக்கும்.